பழைய சின்னக் கார் வாங்கப் போகிறீர்களா? பானெட்டைக் கடைசியாகத் திறங்கள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போனதும் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். 1960-களின் கடைசியில் வந்த ஃபியட் 500 அது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் செல்ஃப் லீவரை இழுத்ததும் பிடித்துக்கொண்டது, புகை இல்லை, தட்டல் சத்தம் இல்லை, விற்றவர் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றார், நான் அங்கேயே விழுந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து மழையில் போய் வந்த பிறகு செருப்பெல்லாம் ஈரமாக இருக்கிறதே என்று கால் மேட்டைத் தூக்கிப் பார்த்தால், கீழே தரை தெரிகிறது. காரின் தரை இல்லை, நிஜத் தரை. ஓட்டையின் மேல் யாரோ வைத்துத் தாரைப் பூசியிருந்த தகரம் ஒரு ஓரமாகச் சுருண்டு கிடந்தது. அந்தக் காரில் கடைசிவரை இன்ஜினுக்காக நான் பெரிதாக எதுவும் செலவு செய்யவில்லை. டிங்கரிங் வேலைக்கு ஆனது, கார் வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு.

அதனால் இந்த வழிகாட்டி கொஞ்சம் தலைகீழாகப் போகும். முதலில் எந்தக் கார், அப்புறம் துரு, அப்புறம் அதை வைத்திருந்த ஆள். இன்ஜின் அதற்கும் பிறகுதான்.

எந்தக் கார் என்று முடிவு செய்வது

பழைய சின்னக் கார் என்றதும் ஒருவருக்கு பீட்டில் நினைவுக்கு வரும், ஒருவருக்கு மினி, இன்னொருவருக்கு மாருதி 800. எல்லாமே எதெல்லாம் இல்லாமல் ஓட்ட முடியும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோயன் 2சிவி-க்கு 375 சி.சி. இன்ஜின், 9 குதிரைத்திறன், அவ்வளவுதான். உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினாலும் முட்டை உடையக் கூடாது என்பது அதை வடிவமைத்தவர்களுக்குக் கொடுத்த நிபந்தனைகளில் ஒன்று. பீட்டிலில் முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சத் தனி மோட்டார் எதற்கு என்று ஸ்டெப்னி டயரில் இருக்கும் காற்றிலிருந்தே ஒரு குழாயைப் போட்டுவிட்டார்கள். ஸ்டெப்னியில் காற்று குறைந்தால் கண்ணாடி கழுவ முடியாது. டிராபன்ட் 601-ல் பெட்ரோல் டேங்க் இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே இறங்கும், எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் மூடியைத் திறந்து அளவுக்குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். ரெனோ 4-ல் பின்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் முறுக்குக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, 48 மி.மீ. வித்தியாசம். அதை யாரும் பொருட்படுத்தவில்லை, அப்படியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

இல்லாத பொருள் கெட்டுப்போகாது. இந்தக் கார்கள் நீடித்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். மற்றபடி "அந்தக் காலத்துத் தகரம் கெட்டி" என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் தகரம் மெல்லியது, துருவுக்கு எதிரான பாதுகாப்பும் பெயருக்குத்தான்.

சரி, எதை எடுப்பது? முதல் காராக இருந்தால் நிறையச் செய்யப்பட்ட ஒன்றை எடுங்கள். பீட்டில் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது, கடைசி வண்டி 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து வந்தது. மினி 1959-லிருந்து 2000 வரை ஓடியது, மொத்தம் 53 லட்சத்துக்கு மேல். இந்த இரண்டுக்கும் சின்ன போல்ட்டிலிருந்து முழுக் கதவு வரை இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கும். அரிதான கார் ஒன்றின் மேல் ஆசை வந்துவிட்டதென்றால், காரைப் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே மூன்று பொருளைத் தேடிப் பாருங்கள்: முன் கண்ணாடி, பின் விளக்கின் பிளாஸ்டிக் மூடி, கதவைச் சுற்றி வரும் ரப்பர். பிஸ்டன் இல்லையென்றால் லேத்தில் போட்டு ஏதாவது வழி செய்யலாம். உடைந்த விளக்கு மூடியை எந்த லேத்தும் செய்து தராது. மூன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் காரை அடுத்தவர் வைத்திருக்கும்போது ரசிப்பதே நல்லது.

இன்னொன்று, போய் உட்கார்ந்து பாருங்கள். மினியின் மொத்த நீளம் 3.05 மீட்டர், ஃபியட் 500 அதைவிடவும் குட்டை. ஆறடி ஆட்கள் சிலர் இதில் சௌகரியமாக உட்காருகிறார்கள், சிலருக்கு கிளட்சை மிதித்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது.

பிழைத்த கார், பிரித்துக் கட்டிய கார், பூசிய கார்

விற்பனைக்கு வருகிற பழைய கார்கள் மூன்று வகைதான். முதல் வகை, யாரும் பெரிதாகக் கை வைக்காமல் அப்படியே பிழைத்து வந்தது. பெயிண்ட், சீட் துணி, கண்ணாடி எல்லாம் ஆலையிலிருந்து வந்தபடி இருக்கும், கொஞ்சம் மங்கியிருக்கும். இரண்டாவது, முழுக்கப் பிரித்துத் தகரத்தை வெறுமையாக்கி, சரிசெய்து, மறுபடி கட்டியது. மூன்றாவது வகை இரண்டாவதைப் போலவே பளபளக்கும், ஆனால் பளபளப்புக்கு அடியில் பட்டிதான் இருக்கும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது எப்போதும் மூன்றாவதில்.

கூரையில் பெயிண்ட் மங்கி, மட்கார்டில் ஒரு பழைய நசுங்கலோடு நிற்கும் முதல் வகைக் காரையே நான் சிபாரிசு செய்வேன். மங்கிய பெயிண்ட் எதையும் மறைக்காது. துரு இருந்தால் கண்ணுக்கு முன்னால் நிற்கும். புதுப் பெயிண்ட் அடித்த காரை வாங்குவதென்றால், வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் நூறு போட்டோ வைத்திருப்பார், கேட்காமலேயே காட்டுவார், நமக்குத்தான் அலுத்துப்போகும். "போட்டோ எல்லாம் பழைய போனில் போய்விட்டது" என்றால் அங்கிருந்து கிளம்பலாம்.

முதல் வகை குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரை அதன் சொந்தக்காரர் முதல் நாளிலிருந்தே போர்த்தி வைத்தார். சின்னக் காரை யார் போர்த்தி வைத்தார்கள்? அப்பா வேலைக்கு ஓட்டினார், பிறகு பிள்ளை ஓட்டிப் பழகினான், பிறகு யாரோ உறவுக்காரப் பையன் எங்கேயோ இடித்தான், கடைசியில் எடைக்குப் போனது. லட்சக்கணக்கில் செய்த சில மாடல்களே இன்று தேடினால் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். இங்கிலாந்தில் 2014-லிருந்து, இப்படி யாரும் சீண்டாத சாதாரணக் கார்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது, அதில் பரிசு வாங்குவது ஒரு காலத்தில் எல்லாத் தெருவிலும் நின்ற அடிமட்ட மாடல்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், வரலாற்றுக்குப் பொருத்தமான நிலையில் பராமரிக்கப்பட வேண்டும், தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது என்று வரையறை வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் 1990-களின் தொடக்கத்தில் வந்த கார்களே இப்போது பழைய கார்கள்தான். நம்ப முடியவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

தரையில் படுங்கள்

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம், படுக்க ஒரு பழைய சாக்கு அல்லது விரிப்பு, இது மூன்றும் போதும். பகலில் போங்கள், மழை பெய்யும்போதோ கார் கழுவி ஈரமாக இருக்கும்போதோ பார்க்காதீர்கள். ஈரத்தில் எல்லாப் பெயிண்டும் அழகுதான்.

முதலில் கால் மேட், எல்லா மேட்டும். தூக்க முடியாதபடி ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அப்புறம் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், அதன் அடிப்பக்கம். ஜாக்கி வைக்கும் இடம். சக்கரத்துக்குப் பின்னால் சேறு அடிக்கும் மூலைகள். முன் கண்ணாடிக்குக் கீழே இலைதழை சேரும் பள்ளம். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழி. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை அடைபட்டிருந்தால் கதவு உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், பட்டி அடைத்த இடம் சுவரைத் தட்டியது போல மொத்தையாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் காந்தத்தை வைத்தால் பட்டிக்கு மேல் ஒட்டாமல் வழுக்கும். மேலாக ஆரஞ்சு நிறத்தில் படிந்திருக்கும் துரு பயமில்லை, தேய்த்தால் போகும். அடுக்கடுக்காகப் பொரிந்து, பெயிண்ட் கொப்புளம் கட்டியிருந்தால் அது வெளியில் தெரிவதைப் போல நாலு மடங்கு உள்ளே இருக்கும்.

ஒவ்வொரு காருக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போவது பாதி வேலை. பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, ஆசிட் கசிந்து அங்கே தரை போகும். சீட்டைத் தூக்கிப் பார்க்காமல் பீட்டில் வாங்காதீர்கள். (சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனையில் பட்டுத் தீப்பிடித்த கதைகளும் உண்டு, மேலே மூடி இருக்கிறதா பாருங்கள்.) அதே காரில் இன்ஜினின் சூட்டை உள்ளே கொண்டு வருகிற குழாய் சில் வழியாகத்தான் ஓடுகிறது, அது அரித்தால் வெறும் ஹீட்டர் பிரச்சினை கிடையாது, காரின் பலமே அங்கேதான் இருக்கிறது. மினியில் பின் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் அரிக்கும். 2சிவி-யில் அடிச்சட்டம் உள்ளிருந்து அரிக்கும், ஆனால் உடல் அதன் மேல் போல்ட்டில்தான் நிற்கிறது என்பதால் கழற்றிப் புதுச் சட்டம் போட முடியும்.

ஓட்டியவரைப் படியுங்கள்

இது எனக்குப் பிடித்த பகுதி. கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள். மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று இருந்து, ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து இரும்பு தெரிந்தால், மீட்டர் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. பழைய மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான், 99,999-க்கு அப்புறம் மறுபடி பூஜ்யம். பழைய காரில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். டிரைவர் சீட்டின் வெளி ஓரம், ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம், டிரைவர் கதவின் கீல், எல்லாம் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். நான்கு டயரும் ஒரே கம்பெனியா என்று பாருங்கள். நாலும் நாலு விதமென்றால், பஞ்சரானபோது கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். ஆயில் விஷயத்திலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

இப்போது என்னிடம் இருக்கும் பீட்டிலை வாங்கப் போனபோது அதை வைத்திருந்த பெரியவர் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, டேஷ்போர்டு பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். கோடு போட்ட சின்ன நோட்டு, முனையெல்லாம் மடங்கி எண்ணெய்க் கறை. ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் தேதி, மீட்டர், லிட்டர். நடுநடுவே "ஆயில்", "வால்வ்", "ஹாரன் – பியூஸ்தான்". ஒரு பக்கத்தில் "பின் விளக்கு, பக்கத்து வீட்டுச் சைக்கிள்" என்று மட்டும் இருந்தது. பார்த்தால் இடது பின் விளக்கின் வளையத்தில் ஒரு கீறல் அப்படியே இருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியருக்கு வரும்போது கரகரவென்றது.

"தம்பி, அதை அவசரப்படுத்தாதீங்க. நியூட்ரல்ல ஒரு நொடி நின்னுட்டுப் போங்க, போகும்."

"எவ்வளவு நாளா இப்படி இருக்குங்க ஐயா?"

"அது இருபது வருஷம் இருக்கும்."

குறையைத் தானாகச் சொல்கிறவரிடம் வாங்குங்கள். "ஒரு குறையும் இல்லை சார், ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டியதுதான்" என்பவரிடம் வாங்கிய கதையை மேலேயே சொல்லிவிட்டேன்.

ஆளைப் பிடித்துப்போனாலும் காகிதத்தில் இரக்கம் கூடாது. காரில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணை நீங்களே குனிந்து படித்துப் பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், இன்ஜின் எண்ணையும்தான். எண்ணைச் சுற்றி மட்டும் தேய்த்த தடம், புது ரிவெட், வெல்டிங் இருந்தால் வேண்டாம். இன்ஜின் மாறியிருந்தால் அது சான்றில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பானெட்டைத் திறக்கலாம்

பீட்டிலும் ஃபியட் 500-ம் என்றால் பின்பக்கம் போய்த் திறக்க வேண்டும், முன்னால் திறந்தால் ஸ்டெப்னிதான் இருக்கும்.

வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருங்கள், போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், குளிர்ந்தபின் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பழைய கார்புரேட்டர் இன்ஜினின் உண்மையெல்லாம் குளிரில் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளிவரும். ஆயில் அளவுக்குச்சியைப் பாருங்கள், ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீரில் குளிரும் இன்ஜினில் மூடிக்கடியில் வெளுத்த பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கட்டாக (இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) இருக்கலாம். கிட்டத்திலேயே ஓட்டும் காரில் வெறும் நீராவி படிந்தும் கொஞ்சம் வரும், ஆகவே ரேடியேட்டரில் எண்ணெய் மிதக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலென்சர் பக்கம் நில்லுங்கள். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதால், கார்புரேட்டரில் சரியாகிவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் ஒரு கொத்து நீலம் வந்தால் வால்வ் பக்கம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாசனையோடு வந்தால் மறுபடி ஹெட் கேஸ்கட். இதில் எதுவுமே இந்தக் கார்களில் உலகம் முடிந்துபோகிற விஷயம் இல்லை, விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம், அவ்வளவுதான். துருவுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா, அது பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் ஆட்டினால் ஆடுகிறதா, ஸ்டியரிங் ராடின் முனைகள். முன்சக்கர இழுவைக் கார் என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடித்துப் பாருங்கள், டக் டக் என்றால் டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட் போயிருக்கிறது. பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று மெதுவான வேகத்தில் முதலில் பாருங்கள். பெரும்பாலும் நாலு சக்கரமும் டிரம் பிரேக், ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது, பழைய மாடல்களில் பின்னால் சீட் பெல்ட்டே இருக்காது. வாங்கிய பிறகும், முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு இடம் விட்டே ஓட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

ஓட்டாதீர்கள். கை நமநமக்கும், தெரியும். முதலில் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, பழைய காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ரப்பர் பிரேக் குழாய்கள் வெளியில் நன்றாக இருந்தும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், மிதித்தால் பிடிக்கும் விட்டால் விடாது. யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

டயரில் எவ்வளவு பட்டன் இருக்கிறது என்று பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம்தான் முக்கியம்: 2309 என்றால் 2009-ன் 23-வது வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அந்த டயர் 2000-க்கு முந்தியது, அதில் ஊஞ்சல் கட்ட வேண்டியதுதான், காரில் மாட்டக் கூடாது. பெட்ரோல் குழாய்கள் அடுத்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும், அதைத் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். சூடான இன்ஜின் மேல் சொட்டும் பெட்ரோலில்தான் பல நல்ல கார்கள் எரிந்துபோயின. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் கிலோமீட்டரைப் பார்க்காமல் வயதைப் பார்த்து மாற்றுங்கள்.

கியர் ஆயிலில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிஎல்-5 என்று போட்டதைப் பார்த்து, எண் பெரிதாக இருக்கிறதே, நல்லதாக இருக்கும் என்று ஊற்றிவிடுவார்கள். அதிலுள்ள சில வேதிப்பொருட்கள் பழைய கியர் பெட்டியின் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. கார் புத்தகம் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 மட்டும். பெட்ரோல் விஷயத்தில், ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின்களில் வால்வ் உட்காரும் இடம் தேயும் என்ற பயம் நியாயமானதுதான். அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியதோடு கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது, எனவே அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கெட்டியான வால்வ் சீட் போட்டுவிடுங்கள். அதற்காகவே கழற்ற வேண்டாம்.

வருஷக்கணக்காக நின்ற கார் என்றால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் இன்னும் நாலு நாள் ஊறட்டும். சுற்றினால், டேங்கிலுள்ள பெட்ரோலை முழுக்க வடித்து (முகர்ந்து பாருங்கள், பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும்), ஆயில் மாற்றி, பிளக் போடாமலேயே செல்ஃப் அடித்து ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றவிட்டு, அப்புறம்தான் பிளக். ஓட ஆரம்பித்த இன்ஜினைவிட நிற்கத் தெரிந்த பிரேக் முதலில் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், நின்ற காரில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் பெரும்பாலும் இறுகிப் பிடித்திருக்கும்.

பாயிண்ட் வைப்பது: ஒரு வேலையாவது நீங்களே செய்யுங்கள்

எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் விட்டால் பழைய கார் வைத்திருப்பதில் பாதி சுகம் போய்விடும். அதோடு பாயிண்ட் (ஸ்பார்க் வர வேண்டிய நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்), கார்புரேட்டர் தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பீட்டிலை வைத்துச் சொல்கிறேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலுள்ள இரண்டு கிளிப்பையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மூடியை ஒதுக்கி, ரோட்டரை மேலே இழுத்து எடுங்கள். கீழே இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் எதிரெதிராக இருக்கும், அதுதான் பாயிண்ட். புல்லியைச் சுற்றிக்கொண்டே பாருங்கள், நடுத்தண்டின் முனை பாயிண்டின் பக்கவாட்டுக் குமிழை முழுக்கத் தள்ளி, பொட்டுகள் அதிகபட்சம் விலகி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) 0.4 மி.மீ. தகட்டை நடுவில் விடுங்கள். தடையில்லாமல் போனால் இடைவெளி அதிகம், பொட்டைத் தள்ளிக்கொண்டு போனால் குறைவு; வெண்ணெயில் கத்தி போவது போல லேசான பிடிப்போடு போக வேண்டும். பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, சரிசெய்து, இறுக்கி, மறுபடி அளவு பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போது எப்போதும் கொஞ்சம் நகரும். எனக்கு முதல் தடவை ஒன்றேகால் மணி நேரம் ஆனது, இப்போது பத்து நிமிடம். இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் வரும் நேரமும், மாறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

அதே நாளில் வால்வ் இடைவெளியும் பார்க்கலாம், அந்த இன்ஜினில் பொதுவாக 0.15 மி.மீ. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், முந்தைய ராத்திரியிலிருந்து ஓடாததாக இருந்தால் உத்தமம். ஆயில் இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும், காகித ஃபில்டர் இல்லை, வெறும் சல்லடைதான், அதனால் 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும்.

வைத்திருப்பது

நிறுத்தியே வைத்தால் கெடும், கண்டபடி ஓட்டினாலும் கெடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம், ஆயிலிலும் சைலென்சரிலும் நீர் சேர்ந்ததுதான் மிச்சம். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று வேர்க்கும்; காற்றுப் போகும் துணி உறை போதும். கதவு ஓட்டைகளை வருடத்துக்கு ஒருமுறை கம்பியால் குத்திவிடுங்கள். சில்லுக்கு உள்ளே மெழுகு கலந்த துருத் தடுப்பானைப் பீய்ச்சுங்கள். எலி வருகிறதா என்று பாருங்கள், ஒரு ராத்திரியில் ஒயரிங் முழுக்கத் தின்றுவிடும்.

பெயிண்ட் மங்கியிருந்தால் மெருகு போடலாம், மறுபடி அடிக்காதீர்கள். சீட் கிழிந்திருந்தால் கிழிந்த இடத்தைத் தையுங்கள், முழு உறையை மாற்றாதீர்கள். கழற்றுகிற ஒவ்வொரு பழைய பாகத்தையும் ஒரு டப்பாவில் எழுதிப் போட்டு வையுங்கள். குறிப்பாகப் பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சர், புதிதாக வருவதில் பல பெட்டியிலிருந்து எடுத்ததுமே செத்துப்போகின்றன, ஓடிக்கொண்டிருக்கும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

டிக்கியில் எப்போதும் ஒரு ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், நாலு பியூஸ், கட்டுக்கம்பி, ஒரு கிளட்ச் கேபிள் இருக்கட்டும். கேபிள் வழியில் அறுந்தால், இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டு, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அப்படியே செல்ஃப் அடியுங்கள், கார் குதித்து நகரும், அந்த ஒரே கியரில் மெதுவாக ஓரிடத்துக்குப் போய்ச் சேரலாம். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. வந்ததும் பெரியவரின் நோட்டில் "கிளட்ச் கேபிள்" என்று தேதி போட்டு எழுதினேன், அவர் எழுத்துக்குக் கீழேயே. இரண்டாவது கியர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஒரு நொடி நின்றுவிட்டுப் போகிறேன்.